சும்மா முகம்

1

இந்தக் கதை நான் வாங்கிய ஒரு திட்டிலிருந்து பிறந்தது.

ஒரு டிக்கெட் கவுண்டரில் பெரிய நோட்டை நீட்டினேன். உள்ளே இருந்த பெண்மணி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. எங்கேயோ தூரத்தில் கண்ணை வைத்துக்கொண்டே, "சில்லறை இல்லாம எதுக்குங்க வீட்டை விட்டுக் கிளம்புறீங்க?" என்றார். பின்னால் நின்ற வரிசை மொத்தமும் சிரித்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை! அந்தப் பக்கவாட்டு முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் மனசுக்குள் ஒன்று துள்ளிக் குதித்தது. இந்த முகத்தைக் காசிலேயே அடித்துவிட்டால் என்ன? சில்லறை கேட்கிறவரே சில்லறையில் இருப்பார். பையில் கைவிடும் போதெல்லாம் "எடுத்துட்டு வந்தியா?" என்று ஒரு பார்வை பார்ப்பார்.

வீட்டுக்கு ஓடி வந்தேன். நிஜமாகவே ஓடி. செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். இன்னும் கழற்றவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"ஒரு தேசம் தன் காசில் யாருடைய முகத்தைப் பொறிக்கிறதோ, அந்த முகத்தின் வழியாகத்தான் அது தன்னைத்தானே—"

தன்னைத்தானே என்ன? எனக்கே தெரியவில்லை. மைக் கிடைத்தவர் பேசுகிற மாதிரி இருந்தது. விட்டேன்.

இரண்டாவது:

"அது ஒரு குளிர்ந்த காலை. நாணயச்சாலையின் இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தபோது—"

குளிர்ந்த காலையாம், கிறீச்சிடும் கதவாம். ஏன், நாணயச்சாலையில் கதவுக்கு எண்ணெய் போட ஆள் இல்லையா? இதையும் விட்டேன்.

மூன்றாவது தொடக்கம் இரண்டே சொல். "அவளுக்குக் கோபம்."

ஆங்! இதுதான். யாருக்கு, யார்மேல், எதுக்கு என்று கேட்காமல் உங்களால் இருக்க முடியாது. என்னாலும் முடியவில்லை. வாருங்கள்.

3

அவளுக்குக் கோபம். நாணயச்சாலையில் சிற்பி வேலை அவளுக்கு.* அன்று காலை சமையலறைக்குப் போனவள், தன் கருவி ஒன்று பாத்திரம் கழுவும் தொட்டியில் கிடப்பதைப் பார்த்தாள். மெல்லிய இரும்புத் தகடு, நுனி இலை மாதிரி இருக்கும். களிமண்ணில் கண்ணிமையும் உதட்டோரமும் வழித்தெடுப்பதற்கென்றே அவள் பார்த்துப் பார்த்துத் தேய்த்து வைத்திருந்தது. இப்போது அதன் நுனி ஒரு பக்கமாக வளைந்து போயிருந்தது. பக்கத்தில் அடிப்பிடித்த பால் பாத்திரம் சுரண்டிச் சுத்தமாகப் பளபளவென்று கவிழ்ந்திருந்தது.

"உங்க அக்காவுக்குப் பாத்திரம் சுரண்ட என் கருவிதான் கிடைச்சுதா?" என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள்.

புருஷனின் அக்கா, அதாவது இவளுக்கு நாத்தனார், பக்கத்திலேயே நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். "சாப்பிடுற மேஜைல மண்ணையும் கம்பியையும் பரப்பி வச்சா எது கருவி எது கரண்டின்னு யாருக்குத் தெரியும்? உன் பொண்டாட்டிகிட்டக் கேட்டுச் சொல்லுடா."

அன்றோடு இரண்டு பேருக்கும் நேர்ப்பேச்சு நின்றது. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, "உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க" என்பாள் இவள். "கை இருக்குல்ல, எட்டி எடுத்துக்கச் சொல்லு" என்பாள் அவள். நடுவில் புருஷன். பாவம் அந்த மனுஷன், கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் தபால்காரன் வேலையும் அவன் தலையில்.

(இந்தப் புருஷன் இனிமேல் வரமாட்டான். கதைக்கு அவன் அவ்வளவு தேவைப்படவில்லை. அவன் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவான்.)

நாத்தனாருக்குப் படகுத்துறையில் டிக்கெட் கவுண்டர். ஊரை ஒரு ஆறு நட்டநடுவில் பிளந்துகொண்டு ஓடுகிறது. வீடுகள் இந்தக் கரையில், நாணயச்சாலையும் பெரிய அலுவலகங்களும் அந்தக் கரையில். எவ்வளவு பெரிய ஆளானாலும் காரை விட்டு இறங்கிப் படகில்தான் போக வேண்டும். பாலம் இல்லை. (நான்தான் கட்டவில்லை. காரணம் இருக்கிறது, பொறுங்கள்.) அந்தக் கவுண்டரைக் கட்டிய மேஸ்திரி ஜன்னலை வரிசைப் பக்கம் வைத்தான், நாற்காலிக்கு இடத்தை ஆற்றுப் பக்கம் விட்டான். படகு வருகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் டிக்கெட் கிழிக்க முடியும். அதனால் இத்தனை வருஷமாக ஊரே அவள் முகத்தின் ஒரு பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறது. எல்லோருக்கும் அவள் 'சில்லறையக்கா'.

* சிற்பி என்றதும் கல்லை நினைக்காதீர்கள். காசில் இருக்கும் முகத்தை முதலில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் களிமண்ணில் செய்ய வேண்டும். பிறகு சாந்தில் வார்த்து, ஒரு இயந்திரம் அதைத் தடவித் தடவிக் காசு அளவுக்குச் சுருக்கி இரும்பில் செதுக்கும். அந்த இரும்புதான் அச்சு. நம் சிற்பி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எழுத்து, வருஷம், ஓரத்து வரி, இவற்றைத்தான் செய்துகொண்டிருந்தாள். முகம் எப்போதும் மூத்தவர்களுக்குப் போகும்; அவளுக்கு வீட்டு மேஜையில் செய்து பழகுவதோடு சரி. ஒரே ஒரு முகம், தன் கையால் செய்த ஒரு முகம் காசாகி ஊர் கையில் புரள வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. வேறு எதுவும் அவள் கேட்டதில்லை. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

4

இப்போது கமிட்டி.

புதுக் காசு வரப் போகிறது. அதில் யார் முகம் என்று முடிவு செய்ய ஒன்பது பேர். தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. மற்றவர்களில் ஒரு பேராசிரியர், ஒரு ராணுவக்காரர், ஒரு டாக்டர், இப்படி. ஒவ்வொருவரும் கையில் ஒரு செத்த பெரியவரோடு வந்து உட்கார்ந்தார்கள். பேராசிரியருக்கு ஒரு புலவர். ராணுவக்காரருக்கு ஒரு தளபதி. டாக்டருக்குக் காய்ச்சலை ஒழித்த இன்னொரு டாக்டர். சட்டத்தில் ஒரே ஒரு நிபந்தனைதான். உயிரோடு இருப்பவர் முகம் கூடாது.

"உங்க புலவர் கடைசி வரைக்கும் எதிரி அரண்மனைல விருந்து சாப்பிட்டவர்!"

"உங்க தளபதி ஜெயிச்ச சண்டை எது, சொல்லுங்க பாப்போம்? ஒண்ணு!"

கூட்டம் நடந்த அறையின் கண்ணாடிக் கதவு வழியாக டீ கொண்டுபோனவர் வெளியே வந்து, "உள்ள செத்தவங்களுக்கு இன்னொரு தடவை சாவு நடக்குது" என்றார். தலைவருக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. சட்டைப் பையில் தொண்டை மிட்டாய் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே இருந்தார்.

(இந்தத் தலைவரை வில்லனாக்கத்தான் நினைத்திருந்தேன். கண்டிப்பானவர், சிரிக்கமாட்டார், கையில் தடி. ஆனால் தொண்டை மிட்டாயைக் கொடுத்ததும் மனுஷன் கை நழுவிப் போய்விட்டார். பையில் மிட்டாய் வைத்திருப்பவரை எப்படி வில்லனாக்குவது? விட்டுவிட்டேன்.)

கமிட்டி முடிவெடுக்கும்வரை இயந்திரம் காத்திருக்காது. புது உலோகம், புது எடை. எவ்வளவு அழுத்தினால் மூக்கு முழுசாக எழும், கன்னம் எங்கே மழுங்கும் என்று அடித்துப் பார்த்துத்தான் சரிசெய்ய முடியும். அடித்துப் பார்க்க ஒரு முகம் வேண்டுமே? அதற்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாருடையதும் இல்லாத ஒரு முகத்தைச் செய்து கொடுப்பார்கள். பேரே 'சும்மா முகம்'. அதில் அடித்த காசை எடைபோட்டு மறுபடி உருக்கிவிடுவார்கள். மூத்தவர்கள் யாரும் அதைத் தொடமாட்டார்கள். மெழுகு பொம்மை மாதிரி ஒன்றைப் பிடித்து வைத்தால் போதும் என்று அந்த வேலை சிற்பியிடம் வந்தது.

அவளும் யாருடையதும் இல்லாத முகத்தைத்தான் செய்ய உட்கார்ந்தாள். சத்தியமாக. ஆனால் கை கேட்கவில்லை. தினமும் எதிரே உட்கார்ந்து கோபமாகப் பார்க்கிற ஒரு முகம் இருந்ததே! பிரியமாகப் பார்க்கிற முகத்தை நாம் அவ்வளவு கவனிப்பதில்லை. கோபமாகப் பார்க்கும்போது ஒரு மடிப்பு விடாமல் பார்ப்போம். நெற்றியில் இறங்கி, மூக்கில் ஏறி, மேலுதட்டில் நின்று, "இதுவும் ஒரு மூக்கு! இதுவும் ஒரு வாய்!" என்று முணுமுணுத்துக்கொண்டே மண்ணை வழித்தாள். கையில் இருந்தது அந்த வளைந்த கருவி. வேறு எதுவும் அன்றைக்கு அவள் கைக்குப் பிடிக்கவில்லை. நேரான நுனியில் என்றைக்குமே வராத ஒரு வளைவு உதட்டோரத்தில் வந்து உட்கார்ந்தது.

முடித்துவிட்டு எட்டி நின்று பார்த்தாள். இதுவரை அவள் செய்ததிலேயே இதுதான் உயிருள்ள முகம். அவள் செய்ததில் மட்டுமா? அந்தச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த மூத்தவர்களின் முகங்கள் அத்தனையும் இதன் முன்னால் படம் பிடித்து வைத்தது மாதிரி விறைத்து நின்றன.

உருக்கப் போகிற முகம்.

5

சண்டை போட்டுக் களைத்த கமிட்டியை, "வாங்க, இயந்திரத்தையாவது பாத்துட்டு வரலாம்" என்று தலைவர் கீழே கூட்டி வந்தார். அச்சு ஒரு தடவை இறங்கி ஏறியது. காசு சூடாக வெளியே விழுந்தது. டாக்டர்தான் முதலில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேராசிரியர் வாங்கிப் பார்த்தார். ராணுவக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்த முகம்…" என்றார் டாக்டர். "எனக்கு ரொம்பத் தெரிஞ்ச முகம்."

"எனக்கும்! சின்ன வயசுலேருந்தே தெரிஞ்ச மாதிரி இருக்கு."

"அந்தப் பார்வையக் கவனிச்சீங்களா?" பேராசிரியர் குரல் நடுங்கியது. "எதிர்காலத்தைப் பாக்குற பார்வை! இந்த நாட்டுக்கு என்ன வரப் போகுதுன்னு இந்தம்மாவுக்குத் தெரியும்."

(படகு வருகிறதா என்று பார்க்கிற பார்வை, பேராசிரியரே.)

ஒன்பது பேர். மாதக்கணக்காக ஒன்றில்கூட ஒத்துப்போகாத ஒன்பது பேர். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்! எழுதும்போதே எனக்குக் கைதட்டத் தோன்றியது. தட்டினேன். பக்கத்து அறையிலிருந்து என் தங்கை, "என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்ல, கமிட்டி ஒத்துக்கிச்சு" என்றேன்.

"யாரும்மா இவங்க?" தலைவர் சிற்பியைப் பார்த்துக் கேட்டார். ஒன்பது ஜோடிக் கண்கள் அவள் பக்கம் திரும்பின.

"எங்க… எங்க உறவு. பேர் தெரிஞ்சவங்க இல்ல. ஆத்தங்கரைப் பக்கம் வேலை பாத்தாங்க."

"அடடா! பேர் தெரியாத ஒரு உழைப்பாளி!" பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது.

தலைவர் மட்டும் நீதிபதியாயிற்றே. "உயிரோட இல்லையே?" என்று கேட்டார்.

அவள் 'சும்மா செஞ்சதுங்க, அவங்க உயிரோடதான் இருக்காங்க' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். அந்தக் காசு உருகும், அச்சு உருகும், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வந்த அவள் முகம் போய்விடும். அவள் மறுபடி வருஷத்தையும் ஓரத்து வரியையும் செதுக்கப் போவாள். வாயைத் திறந்தாள்.

"இல்லைங்க. போன வருஷம்…"

அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒன்பது பேரும் தலைகுனிந்து மௌனமாக நின்றார்கள்.

6

இப்போது மாட்டிக்கொண்டது நான்தான்.

பொய் சொன்னவளைக் காப்பாற்ற வேண்டும். காசு வர வேண்டும். அந்த முகம் உருகுவதை என்னால் பார்க்க முடியாது. ஒரே வழிதான், பொய்யை நிஜமாக்கிவிடுவது. சில்லறையக்கா செத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். யாருக்கும் பொய் இல்லை, சட்டமும் உடையாது. எழுதுகிறவன் கையில் இல்லாத சாவா? ஒரு வரி போதும்.

"அன்று காலை படகுத்துறையில் கவுண்டர் திறக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர்—"

"மருத்துவமனை வராந்தாவில் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு—"

"கிழித்த டிக்கெட் கையிலேயே இருக்க—"

என் தங்கை இந்நேரத்தில் பின்னால் வந்து நின்றுவிட்டாள். நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அவள்தான், முதலில் திட்டுபவளும் அவள்தான்.

"யாரைண்ணா கொல்லப் போற?"

"கொல்லலை. கதைக்குத் தேவைப்படுது."

"சிற்பியும் அதைத்தானே சொன்னா? காசுக்குத் தேவைப்படுதுன்னு. அவளுக்காவது அந்த அக்கா மேல கோவம். உனக்கு என்ன கோவம்? சில்லறை கேட்டதா?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மூன்று வரியும் மேலே அப்படியே கிடக்கின்றன பாருங்கள். அழித்துவிட்டால் நான் நல்லவன் மாதிரி தெரிவேன். அதனால் அழிக்கவில்லை.

அக்கா உயிரோடு இருக்கிறாள். கதைதான் வளைந்து கொடுக்க வேண்டும்.

7

அன்று சாயங்காலமே!

தலைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வாம்மா, சேந்தே போவோம். இன்னைக்கு உன்னோட நாள்" என்று சிற்பியோடு படகுத்துறைக்கு நடந்தார். அந்தச் சந்தோஷத்தில் அவர் ஒரு தப்பு செய்திருந்தார். சோதனைக் காசு அத்தனையும் எடைபோட்டு உருக்கப் போக வேண்டும். ஒன்று மட்டும் மிட்டாய் எடுக்கும்போது அவர் கையோடு சட்டைப் பைக்குள் போய்விட்டது. வாசலில் எல்லோரையும் சோதிப்பவர்கள் கமிட்டித் தலைவரைச் சோதிக்கவில்லை.

படகுத்துறை நெருங்க நெருங்க சிற்பி நடையை மெதுவாக்கினாள். நாணயச்சாலைக் கரையில் டிக்கெட் கொடுப்பது யார் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"ஐயா, எனக்குப் பாஸ் இருக்கு. நீங்க படகுல போய் உக்காருங்க, உங்க டிக்கெட்டை நான் வாங்கிட்டு வரேன்."

"அட, நீ சும்மா இரும்மா! நான் வாங்குறேன்."

"வரிசை பெருசா இருக்குங்க."

"இருக்கட்டும். மக்களோட நின்னு எவ்வளவு நாளாச்சு!"

நின்றார். (பாலம் கட்டாதது இதற்குத்தான்.) வரிசை நகர்ந்தது. ஒவ்வொரு ஆளாகக் குறையக் குறைய, ஓடிவிடலாமா, மயங்கி விழுந்துவிடலாமா, ஆற்றில் குதித்துவிடலாமா என்று யோசித்தாள். நீச்சல் தெரியாது. ஜன்னல் வந்துவிட்டது. தலைவர் சட்டைப் பையில் கைவிட்டு, வந்ததை எடுத்து ஜன்னல் பலகையில் வைத்தார்.

"ஒண்ணு குடுங்கம்மா."

சில்லறையக்கா ஆற்றைப் பார்த்துக்கொண்டே காசை விரலால் தடவினாள். பலகையில் ஒரு தடவை போட்டுச் சத்தம் கேட்டாள். ஒரு நொடி கண்ணருகே வைத்துப் பார்த்தாள். வெளியே தள்ளினாள்.

"செல்லாது."

"ஐயையோ, அது வந்து… மாத்தி எடுத்துட்டேன்…"

"எவளோ ஒருத்தி மூஞ்சியப் போட்டு யாரோ ஏமாத்திருக்கான் உங்கள. வேற குடுங்க. பின்னாடி ஆள் நிக்குது."

தலைவர் வேறு காசு தேடிக்கொண்டே நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். ஜன்னல் சட்டத்துக்குள் ஒரு பக்கவாட்டு முகம், தூரத்தில் எதையோ பார்க்கிற கண், உதட்டோரத்தில் அந்த வளைவு. பலகையில் கிடந்த காசைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி காசை.

"போன வருஷம்னு சொன்னியேம்மா" என்றார் மெதுவாக.

(நிறுத்துங்கள். ஒன்று சொல்ல வேண்டும். தன் முகத்தையே செல்லாது என்று தள்ளுவாளா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பிறகு கண்ணாடி முன்னால் போய் நின்று என் பக்கவாட்டு முகத்தைப் பார்க்க முயன்றேன். கண்ணை ஓரத்துக்குத் தள்ளித் தள்ளிக் கழுத்துதான் வலித்தது. ஊரெல்லாம் தெரிந்த நம் முகத்தின் ஒரு பக்கம் நமக்கு மட்டும் தெரியாது.)

"யாரு போன வருஷம்?" என்றாள் சில்லறையக்கா. அவள் காது அந்தத் துறையில் பிரசித்தம்.

சிற்பி புருஷனைத் தேடினாள். பழக்கதோஷம். புருஷன் இல்லை. (நான்தான் அனுப்பிவிட்டேனே.) வேறு வழியில்லாமல் நேராகவே பேச வேண்டியதாயிற்று.

"அண்ணி… அந்தக் காசுல இருக்கறது நீங்கதான்."

"எது?"

"அந்த மூஞ்சி. நான்தான் செஞ்சேன்."

சில்லறையக்கா காசைத் திரும்ப எடுத்தாள். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள், கிட்டே வைத்துப் பார்த்தாள். இன்னொரு கையால் தன் மூக்கைத் தொட்டாள். மூக்கிலிருந்து உதட்டுக்கு, உதட்டிலிருந்து தாடைக்கு விரல் இறங்கியது.

"இவ்வளவு அழகாவா இருக்கேன்?" என்றாள்.

வரிசையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"அது சரி. போன வருஷம் என்ன?"

சிற்பி ஜன்னல் பலகையைப் பிடித்துக்கொண்டாள். "உயிரோட இருக்கறவங்க முகத்தைக் காசுல போடக் கூடாது அண்ணி. அதான்… நீங்க போயிட்டீங்கன்னு சொல்லிட்டேன்."

வரிசை மொத்தமும் "ஐயோ!" என்றது. படகு வந்து கரையில் முட்டியது. யாரும் அதைப் பார்க்கவில்லை. முதன்முதலாகச் சில்லறையக்காவும் பார்க்கவில்லை. நாற்காலியோடு முழுசாகத் திரும்பி ஜன்னலுக்கு நேரே வந்தாள். அந்த முகத்தை நேராகப் பார்த்தது ஊருக்கு அதுதான் முதல் தடவை.

"ஒரு பாத்திரத்தச் சுரண்டினதுக்கா என்னக் கொன்னுட்ட?"

சிற்பிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அந்தக் கருவியாலதான் அண்ணி இந்த வாயச் செஞ்சேன். நீங்க வளைச்சுட்டீங்கள்ல, அந்த வளைஞ்ச நுனிலதான் வந்துச்சு. இதுக்கு முன்னாடி எனக்கு இப்படி வந்ததே இல்ல. இத உருக்கிடுவாங்கன்னு நெனைச்சேன், தாங்கல. வாய்ல வந்துருச்சு. மன்னிச்சுருங்க அண்ணி."

(தங்கை இந்த இடத்தில், "வளைந்த கருவி, வளைந்த உதடு, கொஞ்சம் அதிகம்" என்று எழுதி வைத்திருக்கிறாள். அதிகம்தான். எடுக்கமாட்டேன்.)

சில்லறையக்கா காசை உள்ளங்கையில் ஒரு தடவை புரட்டினாள். பிறகு தலைவரிடம் திரும்பினாள்.

"செத்தாதான் போடுவீங்களா?"

"சட்டம் அப்படிம்மா."

"அப்ப அந்த அச்ச உருக்காதீங்க. எண்ணெய் போட்டுப் பத்திரமா வைங்க. நான் மெதுவா வரேன்." காசை அவர் பக்கம் தள்ளினாள். "உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே?"

தலைவர் கைகூப்பிவிட்டார். "இல்லம்மா. ஒரு அவசரமும் இல்ல."

"நல்லது. இப்ப டிக்கெட்டுக்குச் சில்லறை குடுங்க."

8

அப்புறம் என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்?

சட்டத்தையே மாற்றிவிடலாம் என்று பேராசிரியர் சொன்னதாக ஒரு முடிவு எழுதினேன். ஆனால் உயிரோடு இருப்பவர் வரலாம் என்று ஆனதும் ஒன்பது பேரும் வீட்டில் பக்கவாட்டாக நின்று படம் எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கிழித்துப் போட்டேன். சிற்பிக்கு வேலை போனதாக இன்னொன்று. "பொய் சொன்ன குற்றத்துக்காக—" வரை எழுதினேன். தலைவர் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பேனா மேலே ஓடவில்லை.

கடைசியில் இதுதான் நின்றது. கமிட்டிக்கு மறுபடி ஒரு முகத்திலும் ஒத்துப்போகவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபிறகு எந்தப் புலவரும் தளபதியும் எடுபடவில்லை. ஆகவே காசில் ஒரு படகைப் போட்டார்கள். சிற்பிதான் செதுக்கினாள். நல்ல படகு.

அந்த அச்சு மட்டும் நாணயச்சாலையின் இரும்பு அலமாரியில் துணி சுற்றி இருக்கிறது. மாதம் ஒரு தடவை சிற்பி அதைத் திறந்து துடைத்து எண்ணெய் போடுகிறாள். அவள் செய்ததில் அச்சு வரைக்கும் போன ஒரே முகம். ஊர் முழுக்கக் கையில் புரள வேண்டும் என்று அவள் ஆசைப்பட்ட முகம். இப்போதும் ஆசை இருக்கிறது, இல்லாமல் போகுமா? ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் ஆசை தீரப் பார்க்கிறாள். அப்புறம் "இப்ப வேண்டாம்" என்று சொல்லி அலமாரியைப் பூட்டுகிறாள்.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து அவள் நாத்தனார் கேட்கிறாள், "என் மூஞ்சி எப்படி இருக்கு?"

"துரு இல்ல அண்ணி. நல்லாருக்கு."

"இருக்கட்டும், இருக்கட்டும். உப்பை இந்தப் பக்கம் தள்ளு."

இதற்கு மேல் என்னால் முடியாது. அவளைக் கொல்லமாட்டேன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன். ஆனால் யாரையும் சாகாமல் வைத்திருக்கிற சக்தி எனக்கு இல்லை, நான் என்ன பெரிய ஆளா? அதனால் மிச்சத்தை உங்களிடம் கொடுக்கிறேன். உங்கள் பையில் இருக்கும் சில்லறையை எடுத்துப் பாருங்கள். படகு இருக்கிறதா? அப்படியென்றால் அவள் கவுண்டரில்தான் இருக்கிறாள், யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள். போய் வரிசையில் நில்லுங்கள். பெரிய நோட்டை மட்டும் நீட்டாதீர்கள்.

என்றைக்காவது ஒரு நாள், படகுக்குப் பதில், தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம் உங்கள் கைக்கு வந்தால், அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதமாட்டேன்.